டொக்டர் மேரி ரட்ணம் அம்மையாரும் எங்கள் பீலிக்கரையும்

ஹாலிஎலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பாடசாலைக்கு வந்த எம்மில் பலருக்குப் பொழுது பீலிக்கரையில்தான் விடிந்தது. அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் புறப்படுமுன் வீட்டுக் குடங்களை நிரப்பி வைப்பது பிள்ளைகளின் வேலை. மாரி காலத்தில் பீலி பெருகி ஓடும். ஆனால் மேல்மலை மண்ணும், தேயிலைக்குப் போட்ட உரமும் அதனோடு கலந்து வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே பீலி நூலாகச் சொட்டும். குடங்கள் வரிசையாக நிற்கும். வரிசை நீண்ட நாட்களில் பாடசாலைக்குப் பிந்தி வந்து, வாசலில் தலைகுனிந்து நின்றதை எம்மில் எத்தனை பேர் மறந்திருப்போம்?

அப்படிப் பிந்தி வந்த அதே நாளில் வகுப்பில் சுகாதார பாடம் நடக்கும். கொதித்தாறிய நீரையே பருக வேண்டும் என்று எழுதிக்கொள்வோம். லயக் காம்பராவில் விறகு போதாது, அடுப்பு ஒன்று, உலை வைக்கவே நேரமில்லை என்பதை எழுதுவதற்குக் கொப்பியில் இடமிருக்கவில்லை.

இலங்கைப் பாடசாலைகளில் சுகாதாரத்தை ஒரு பாடமாக ஊன்றச் செய்தவர்களுள் ஒருவர் டொக்டர் மேரி ரட்ணம். அவரைப் பற்றி இந்த நூற்றாண்டு மலரில் எழுத எமக்கு ஒரு காரணம் உண்டு. சங்கம் நூறு ஆண்டைக் காணும் வேளையில், ஏதேனும் ஒரு தோட்டத்துக்கு நல்ல குடிநீர் வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எம்மிடையே எழுந்துள்ளது. உள்ளூரில் இருப்போரும் கடல் கடந்து வாழ்வோரும் ஒரே குரலில் விரும்பும் காரியம் இது. நல்ல காரியத்தை நிலைத்து நிற்கும்படி செய்வது எப்படி என்பதை அம்மையாரின் வாழ்வு எமக்குச் சொல்லித்தரும் என்று நம்புகிறோம். அவரது இயக்கம் எங்கே தயங்கி நின்றது என்பதும் எமக்கு ஒரு பாடமே.

மேரி ஹெலன் இர்வின் என்ற இயற்பெயருடன் 1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதைச் சமூகம் ஐயத்தோடு பார்த்த காலம் அது. டொரொன்டோவில் பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1896இல் மருத்துவராகத் தேறினார். அமெரிக்க மிஷன் அவரை மருத்துவ ஊழியராக யாழ்ப்பாணத்துக்கு நியமித்தது.

அவர் இலங்கை வந்து சேருமுன்னரே ஒரு திருப்பம் ஏற்பட்டது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தை நியூயோர்க்கில் அவர் திருமணம் செய்துகொண்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண் உள்நாட்டவரை மணப்பதை அக்கால மிஷன் வட்டாரம் ஏற்றுக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தவருக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. மிஷன் பணியும் நிலைக்கவில்லை. இருபத்துமூன்று வயதில், பழக்கமில்லாத நாட்டில், தம் இனத்தவரே ஒதுக்கி வைத்த நிலையில் இருந்த அந்தப் பெண் கப்பலேறித் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அடுத்த அறுபத்தைந்து ஆண்டுகளும் இந்தத் தீவே அவரது வீடாயிற்று.

யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, பெண்களுக்கான லேடி ஹவ்லொக் மருத்துவமனையில் சிறிது காலம் அரசாங்கப் பணி புரிந்தார். பின்னர் தாமே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். ஆண் வைத்தியரிடம் தம் உடலைக் காட்டக் கூசி, வீட்டுக்குள்ளேயே நோயை மறைத்து மாண்ட பெண்கள் அன்று ஏராளம். அவர்கள் இவரைத் தேடி வந்தார்கள். பிரசவம் பார்த்த வீடுகளிலும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட வீடுகளிலும் அம்மையார் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டார். இன்று மருந்தால் பிழைத்த பிள்ளை அடுத்த மாதம் அதே வயிற்றோட்டத்தோடு வந்தது. கிணற்றையும் கழிவறையையும் சமையலறையையும் கவனிக்காமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பது போலவே இருந்தது.

ஆகவே மருத்துவத்தோடு சங்கங்களையும் அவர் கையிலெடுத்தார். 1904இல் இலங்கை மாதர் ஐக்கியம் உருவாவதில் முன்னின்றார். குழந்தை வளர்ப்பும் வீட்டுச் சுகாதாரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் ஐக்கியத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தார். கணவரின் மக்களைத் தம் மக்களாக ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாடசாலைகளுக்கான சுகாதார நூலையும் மனையியல் ஆசிரியர்களுக்கான கைந்நூலையும் எழுதினார். சிறைச்சாலைகளுக்குச் சென்று பெண் கைதிகளின் நிலையை விசாரித்தார். மதுவொழிப்புக்காகப் பேசினார். இவ்வளவையும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் நோயாளரைப் பார்த்துக்கொண்டும் செய்தார்.

1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோது அம்மையாரும் அதில் சேர்ந்து உழைத்தார். அச்சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் வினவினர். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாருக்கும் வேண்டும் என்ற கருத்தில் சங்கச் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்காமல் பதிலளித்தார். எம் பாட்டிமாரின் பெயர் ஏட்டில் ஒரு தலைக்கணக்காக மட்டும் எழுதப்பட்ட காலத்தில், கொழும்பில் ஓர் அறைக்குள் அவர்களுக்காக அந்தப் பதில் சொல்லப்பட்டது. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்களிக்கப் பரிந்துரைத்தது. இறுதியில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் 1931இல் வாக்குரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வாக்குரிமை வந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

வாக்குச்சீட்டு மட்டும் கிராமத்துப் பெண்ணின் கிணற்றைச் சுத்தமாக்கிவிடாது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அதற்கு முன்மாதிரியாக அமைந்தவை அவர் பிறந்த ஒன்ராறியோவின் கிராமிய மாதர் நிலையங்கள்.

அந்த நிலையங்களின் பிறப்பும் ஒரு தாயின் துயரத்திலிருந்து வந்ததுதான். அடலெய்ட் ஹூட்லெஸ் என்ற கனடியத் தாயின் கைக்குழந்தை 1889இல் இறந்தது. குடித்த பால் அசுத்தமாகியிருந்ததே காரணம் என்று அவர் நம்பினார். தமக்குத் தெரியாமல் போனது இன்னொரு தாய்க்குத் தெரியாமல் போகக்கூடாது என்று எண்ணி ஊர் ஊராகப் பேசினார். 1897இல் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் முதலாவது மாதர் நிலையம் பிறந்தது. விவசாயக் குடும்பத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பால், தண்ணீர், உணவு, குழந்தை நலம் பற்றிக் கற்றுக்கொள்ளும் இடமாக அது இருந்தது.

அந்த விதையைத்தான் அம்மையார் இலங்கை மண்ணுக்கேற்ப நட்டார். சமிதியின் ஒழுங்கு எளிமையானது. ஒரு கிராமத்துப் பெண்கள் கூடித் தமக்குள்ளேயே தலைவியையும் செயலாளரையும் பொருளாளரையும் தெரிவார்கள். இனம், சமயம், சாதி என்ற பேதம் கிடையாது. ஊருக்கு எது தேவை என்பதை அவர்களே பேசித் தீர்மானிப்பார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தல், கழிவறை அமைத்தல், குழந்தைக்குச் சத்துணவு, வீட்டுத்தோட்டம், தையல், நெசவு, கோழி வளர்ப்பு என்று வேலை விரிந்தது. கிராமங்களிலிருந்து வந்த தொண்டர்களுக்குக் கடுவெலையில் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் ஊர் திரும்பித் தம்மவர்க்குக் கற்பித்தார்கள். வெளியிலிருந்து வரும் பெரிய வீட்டு அம்மா துணியும் மாவும் பங்கிட்டுவிட்டுப் போகும் தருமத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கூட்டம் முடிந்து கொழும்புக் கார் போன பிறகும் வேலை அந்தக் கிராமத்திலேயே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கக் கைகளும் அங்கேயே இருந்தன. நாடு முழுவதும் பரவி, இலங்கையின் மிகப் பெரிய மாதர் தொண்டு இயக்கமாக அது வளர்ந்தது.

1937இல், அறுபத்து நான்கு வயதில், பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அந்தச் சபையில் அமர்ந்த முதற் பெண் அவரே. ஆனால் தேர்தல் சட்ட நுணுக்கம் ஒன்றினால் குறுகிய காலத்திலேயே பதவியை இழந்தார். அதற்காக அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. சமிதி வேலையைத் தொடர்ந்தார். பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ரமோன் மகசாய்சாயின் பெயரால் அமைந்த பரிசு 1958இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுச்சேவைக்கான பரிசு அம்மையாருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பரிசு பெற்ற மற்றொருவர் பூமிதான இயக்கத்தின் வினோபா பாவே. அந்த முதல் ஆண்டில் பரிசு பெற்ற ஒரே பெண் எமது டொக்டரம்மா. 1962இல் அவர் காலமானார்.

இதுவரை சொன்னது புகழ். இனி, மலையகத்துப் பெண்களாகிய நாம் மனந்திறந்து சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மகிளா சமிதி கிராமங்களில் வேரூன்றி வளர்ந்த இயக்கம். கிராமத்துப் பெண் தன் முற்றத்தில் கூட்டம் கூட்டலாம். தன் நிலத்தில் கிணறு வெட்டலாம், கழிவறை கட்டலாம். லயத்துப் பெண்ணுக்கு முற்றமும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்கவே துரையின் அனுமதி வேண்டியிருந்தது. பீலி எங்கே இருக்க வேண்டும், லயத்துக்கு எத்தனை கழிவறை என்பதெல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. சட்டம் கேட்ட மருத்துவ வசதியைத் தோட்டங்கள் ஓரளவு செய்தன. கொக்கிப்புழுவுக்கு எதிராக 1916இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய இயக்கத்தால் மருந்தும் கழிவறைகளும் பிற தோட்டங்களுக்கும் மெல்ல வந்தன. ஆனால் தன் தண்ணீரைப் பற்றிக் கூடிப் பேசித் தீர்மானிக்கும் உரிமை மட்டும் லயத்துப் பெண்ணுக்கு வரவில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எம் மக்களை நாடற்றவராக்கியது. வாக்கும் போயிற்று. அக்னஸ் டி சில்வாவின் பதிலால் கிடைக்கத் தொடங்கிய உரிமை இருபது ஆண்டு நிறைவதற்குள் பறிபோனது. இன்னொன்றையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1941இல் மகிளா சமிதியில் சேர்ந்து, அதன் பொருளாளராகவும் பின்னர் தலைவியாகவும் கிராமம் கிராமமாகச் சென்று சமூகத் தொண்டு பழகியவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு அவர் செய்த ஒப்பந்தம் எம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்தது. எம் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்து, ஒரு தவணை விடுமுறைக்குப் பின் வராமலே போன தோழியரை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மையார் அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே மறைந்துவிட்டார். கிராமத்துப் பெண்ணின் கிணற்றைக் கண்ட கண்ணுக்கு லயத்துப் பெண்ணின் பீலி தெரியாமல் போனது எப்படி என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. ஒரு பெரியவரின் வேலை முடியாமல் நின்ற இடத்தைச் சுட்டிக்காட்டுவது அவரை இழிவுபடுத்துவதாகாது. நாம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

எம் மாவட்டத்தில் அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1993இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களில் நடைமுறைப்படுத்தப்பட்டது. அதன் ஒழுங்கு மகிளா சமிதியை நினைவூட்டுவது. கிராம மக்கள் முதலில் சங்கம் அமைக்க வேண்டும். செலவில் ஒரு பங்கைப் பணமாகவும் உழைப்பாகவும் அவர்களே தர வேண்டும். மேலே உள்ள ஊற்றைச் சுற்றிக் கட்டி மூடி, குழாய் வழியே தாங்கிக்கு இறக்கி, அங்கிருந்து வீடுகளுக்குப் பகிர்வார்கள். மலைச் சரிவே தண்ணீரைக் கொண்டுவருவதால் மோட்டரும் மின்சாரமும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வாங்கி, குழாய் பழுது பார்ப்பதும் தாங்கி கழுவுவதும் குளோரின் இடுவதும் சங்கத்தின் பொறுப்பு.

தோட்டத்தில் இதே வேலை கடினமானது. ஊற்று இருக்கும் நிலம் தோட்டத்துக்குரியது. 1992 முதல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கையில் இருக்கிறது. பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடப் பல ஆண்டுகளாகச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அந்தக் கதவு திறந்தது. ஆகவே இன்று லயத்துப் பெண்கள் பிரதேச சபையின் வாசலில் நின்று, இது எம் உரிமை என்று கேட்க முடியும். கேட்பதற்குக் கூட்டாக வர வேண்டும், அவ்வளவுதான்.

நாம் செய்ய விரும்பும் தண்ணீர்த் தருமத்துக்கு அம்மையாரின் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே. ஒரு தாங்கியைக் கட்டி, அதில் சங்கத்தின் பெயரைப் பொறித்து, நாடா வெட்டிப் படம் எடுப்பது ஒரு நாள் வேலை. அடுத்த மாரியில் மண் சரிந்து குழாய் உடைந்தால் யார் திருத்துவார்? ஊற்றுக்கு மேலே உரம் போடாமலும் மருந்தடிக்காமலும் ஒரு துண்டு நிலத்தை விட்டுவைக்க நிர்வாகம் எழுத்தில் உடன்பட்டதா? தண்ணீரைப் பரிசோதிப்பது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? மாதக் காசை எழுதி வைக்கும் கொப்பி யாரிடம்? தாங்கியின் சாவி யார் வீட்டில்? இவற்றுக்கெல்லாம் அந்த லயத்துப் பெண்களின் பெயர்களே விடையாக வர வேண்டும். தண்ணீர் சுமப்பவள் அவள். குழந்தைக்கு வயிற்றுளைவும் நெருப்புக் காய்ச்சலும் வந்தால் விடிய விடிய விழித்திருப்பவளும் அவள். அவளைக் கேட்காமல் வைக்கும் குழாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோணல்தான்.

ஆகவே எம் முதற் செலவு சீமெந்துக்கும் குழாய்க்கும் முன்னால், ஒரு கூட்டத்துக்கான தேநீருக்காக இருக்கட்டும். கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பெண்களோடு பிள்ளைக் காம்பராவில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். அவர்களுக்குள்ளேயே தலைவியும் பொருளாளரும் வரட்டும். எம்மிடம் உள்ள ஆசிரியர், தாதியர், கணக்காளர், பொறியியலாளர், சட்டத்தரணி என்ற அத்தனை அறிவும் அவர்களுக்குத் துணையாக நிற்கட்டும். வெளிநாட்டுச் சகோதரிகள் அனுப்பும் பணம் ஒரே தடவையில் கரைந்துவிடாமல், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பராமரிப்பில் தோள்கொடுக்க ஒரு பகுதி ஒதுக்கப்படட்டும்.

கடல் கடந்து வந்த ஒரு கனடியப் பெண் முன்பின் அறியாத கிராமத்துப் பெண்களோடு பாயில் அமர்ந்து இதைத் தொடங்கினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாம் குடம் வைத்து நின்ற பீலிக்கரைக்குத் திரும்பி வந்தால் போதும். இன்றும் அங்கே ஒரு சிறுமி, பாடசாலை மணி அடிக்குமுன் தன் குடம் நிரம்புமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.